நெடும்பயணத்துக்கு எது: டூரிங் பைக்கா, சிறிய க்ரூஸரா?

தொலைதூரம் ஓட்டுவதற்கென்று ஒரு மோட்டார் சைக்கிளைத் தேடுகிறவர் பல வண்டிகளைக் கழித்துக்கட்டிய பிறகு, பெரும்பாலும் இரண்டு வகைகளுக்கு இடையே வந்து நின்றுவிடுகிறார். ஒன்று, காற்றுத் தடுப்பு, பக்கப் பெட்டிகள், பெரிய டேங்க் ஆகியவற்றுடன் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கென்றே உருவாக்கப்பட்ட டூரிங் பைக். ஹோண்டா கோல்ட் விங், பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஆர்டி, யமஹா எஃப்ஜேஆர் 1300 ஆகியவை இந்த வகை. மற்றொன்று, தாழ்ந்த இருக்கையும், பெரும்பாலும் முன்னோக்கி நீட்டி வைத்த கால்களும், அகன்ற ஹேண்டில்பாரும் கொண்ட, சுமார் 350 முதல் 800 சி.சி. வரையிலான சிறிய க்ரூஸர். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, சூப்பர் மீட்டியோர் 650, ஹோண்டா ரெபெல் 500, கவாசாகி வல்கன் எஸ் போன்றவற்றை இதற்குச் சொல்லலாம். இரண்டில் எதை எடுத்தாலும் ஒரே நாளில் 500 கி.மீ. போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதில் ஐயமில்லை. அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு, 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,609 கி.மீ. ஓட்டி முடிப்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதைச் சிறிய வண்டிகளில் முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வண்டியால் முடியுமா என்று கேட்பதில் பயன் குறைவு. நாளின் முடிவில் இறங்கும்போது உடம்பு எந்த நிலையில் இருக்கும், மறுநாள் காலையில் மீண்டும் அதே இருக்கையில் ஏறி உட்கார மனம் வருமா என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு வகைகளையும் ஒப்பிடுகிறவர்கள் பொதுவாக எஞ்சின் அளவு, குதிரைத்திறன், டேங்க் கொள்ளளவு ஆகியவற்றை அருகருகே எழுதி, எந்தப் பக்கம் எண்கள் பெரிதாக இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் டூரிங் பைக் எப்போதும் வெல்லும்; அதை வாங்கியவர்களில் சிலர் ஏன் இரண்டு ஆண்டுகளில் விற்றுவிடுகிறார்கள் என்பது மட்டும் விளங்காது. என் கருத்தில், ஒவ்வொரு வகையிலும் உள்ள குறைகளை எழுதிக்கொண்டு, அவற்றில் எவை பின்னால் சரிசெய்யக்கூடியவை, எவை வண்டியோடு ஒட்டிப் பிறந்தவை என்று பிரித்துப் பார்ப்பதே பயனுள்ள வழி. இருக்கை பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். எடை பிடிக்கவில்லையென்றால் எதை மாற்றுவது?

முதலில் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 110 கி.மீ. வேகத்துக்குப் போகும்போது, வேகமானியில் முள் கொஞ்சம்தான் நகர்கிறது, ஆனால் மார்பில் மோதும் விசை ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. க்ரூஸரில் அமர்ந்திருப்பவரின் நிலை இதற்கு மிகவும் பாதகமானது. முதுகு நிமிர்ந்தோ சற்றே பின்சாய்ந்தோ இருக்கிறது; கைகள் அகன்று விரிந்திருக்கின்றன; மார்பு முழுவதும் விரித்த பாய்போல் காற்றை வாங்குகிறது. கால்கள் முன்னே இருப்பதால் அவற்றை ஊன்றி உடலைத் தாங்கிக்கொள்ளவும் இயலாது. எனவே பின்னோக்கித் தள்ளும் காற்றை எதிர்த்து உடலைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் விரல்களுக்கும் தோள்களுக்கும் கழுத்துக்கும் போய்ச் சேர்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் இது சுகமான காற்றாகவே தெரியும். நான்காவது மணி நேரத்தில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு வலி தொடங்கி, அதன் பிறகு எந்த நிறுத்தத்திலும் முழுமையாகத் தீராது. டூரிங் பைக்கின் ஃபேரிங், அதாவது காற்றை மறைக்கும் முன்பக்க உறை, இந்த வேலையை உடலிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நாள் முழுவதும் ஓட்டியவருக்கு இரண்டு வண்டிகளுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி எஞ்சினால் வருவதன்று, இந்த மறைப்பால் வருவது என்றே சொல்வேன்.

ஆனால் காற்றுத் தடுப்பு இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓட்டுபவருக்கு முன்னால் நிற்கும் ஒளிபுகும் தடுப்பான விண்ட்ஸ்கிரீனின் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுழன்று நேராகத் தலைக்கவசத்தில் மோதுமானால், தடுப்பே இல்லாத வண்டியைவிட அது மோசமாக இருக்கும். தலை இடைவிடாமல் ஆடும், இரைச்சல் கூடும், பார்வை கலங்கும். இது ஓட்டுபவரின் உயரத்தைப் பொறுத்தது என்பதால், ஒருவர் புகழும் ஸ்கிரீன் இன்னொருவருக்குத் தலைவலியாகலாம். கண்பார்வை ஸ்கிரீனின் விளிம்புக்குச் சற்று மேலாகச் செல்லுமாறு, அதாவது விளிம்பு மூக்கு மட்டத்தில் தெரியுமாறு இருப்பது பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. ஆர் 1250 ஆர்டியிலும், 2018-இல் புதுப்பிக்கப்பட்ட கோல்ட் விங்கிலும் ஸ்கிரீனை ஒரு பொத்தானால் ஏற்றி இறக்க முடிவது ஆடம்பரம்போல் தோன்றலாம். மழையிலும் எதிர்காற்றிலும் ஓட்டிய பிறகு அப்படித் தோன்றாது. க்ரூஸருக்குத் தனியாக ஒரு விண்ட்ஷீல்டு வாங்கிப் பொருத்தலாம், அது மார்பின் சுமையை நன்றாகவே குறைக்கும். அதற்கு இரண்டு விலைகள் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கி ஹேண்டில்பாரோடு திரும்பும் ஃபோர்க்கோடு சேர்த்துப் பொருத்தப்படும் அகன்ற தடுப்பு, பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது ஹேண்டில்பாரையே பிடித்து இழுக்கும். மேலும், 20 குதிரைத்திறன் மட்டுமே உள்ள எஞ்சினுக்கு முன்னால் ஒரு பெரிய தட்டை நிறுத்தினால், மேல் வேகத்தில் சில கிலோமீட்டர்கள் குறையும். எதிர்காற்றில் கியரைக் குறைத்துக்கொண்டே ஓட்ட நேரும். எவ்வகை வண்டியானாலும், நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்துக்குள் எழும் காற்றிரைச்சல் காதுகளைக் கெடுக்கும் அளவுக்கு உயர்வது வழக்கம் என்பதால், காதடைப்பான் இரண்டிலும் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. ஃபேரிங் உள்ள வண்டி வெயிலில் கொதிக்கும், க்ரூஸரில் காற்று தாராளமாகப் படுவதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்வார்கள். நகர நெரிசலில் இது உண்மைதான். பெரிய எஞ்சினின் சூடு ஃபேரிங்குக்குள் தேங்கி முழங்கால்களைச் சுடும். ஆனால் காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், வேகமாக மோதும் காற்று உடலுக்குச் சூட்டைக் கொடுக்கிறதே தவிர எடுப்பதில்லை. வியர்வை ஆவியாவதால் குளிர்ச்சி கிடைக்கும் என்றாலும், அது மிக விரைவில் ஆவியாகிப் போவதால், தாகம் தெரியும் முன்பே உடலின் நீர் வற்றிவிடும். 40 டிகிரி வெயிலில் ஸ்கிரீனை உயர்த்தி வைத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டை அணிந்து ஓட்டுபவரே, திறந்த மார்போடு காற்று வாங்குபவரைவிட நல்ல நிலையில் வந்து சேர்கிறார். குளிரிலும் மழையிலும் ஃபேரிங்கின் மேன்மையைப் பற்றி விளக்கவே தேவையில்லை.

அடுத்தது, அமரும் நிலை. நெடும்பயணத்தில் இது காற்றுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது, ஆனால் ஷோரூமில் இது வெளிப்படாது. அங்கே க்ரூஸரில் ஏறி அமர்ந்தால் நாற்காலியில் சாய்ந்தது போன்ற நிம்மதி உடனே கிடைக்கும். டூரிங் பைக்கில் ஏறினால் ஏதோ வேலைக்கு உட்கார்ந்தது போலிருக்கும். சில மணி நேரம் கழித்து இந்த எண்ணம் தலைகீழாகிவிடுகிறது. கால்கள் இடுப்புக்குக் கீழே ஏறத்தாழ நேராக இருக்கும்போது, எடையின் ஒரு பங்கைத் தொடைகள் ஏற்கின்றன. பள்ளம் வருவதைக் கண்டதும் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி இருக்கையிலிருந்து சற்றே எழுந்துகொள்ளலாம். கால்கள் முன்னே நீட்டியிருந்தால் இது இயலாது. எடை முழுவதும் முதுகெலும்பின் அடிமுனையில் இறங்குகிறது. பள்ளத்தின் அடியும் நேராக அங்கேயே வந்து சேர்கிறது. இதற்கு முன்பே இடுப்புவலி உள்ளவர்கள் க்ரூஸரைத் தேர்ந்தெடுப்பதற்குமுன், ஒரு முழு நாள் அதை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது மிகவும் நல்லது.

சாலையின் அடியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷன் விஷயத்தில் எண்கள் ஏமாற்றக்கூடியவை. சூப்பர் மீட்டியோர் 650-இன் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் 101 மி.மீ.; கோல்ட் விங்கில் அது ஏறத்தாழ 105 மி.மீ. தான். எண்ணளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் பள்ளத்தில் விழும்போது கிடைக்கும் அனுபவம் முற்றிலும் வேறு. காரணம், சக்கரம், டயர், பிரேக் ஆகிய ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள பொருள்களின் எடைக்கும், ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள உடலின் எடைக்கும் இடையிலான விகிதம். கனமான உடலின் கீழே சக்கரம் துள்ளும்போது உடல் அவ்வளவாக அசைவதில்லை. இலகுவான உடலானால் சக்கரம் அதையும் தூக்கிப் போடுகிறது. க்ரூஸருக்கு நல்ல தரமான ஷாக் அப்சார்பர்களைப் போட்டால் அடியின் கூர்மை மழுங்கும். ஆனால் மேற்சொன்ன விகிதத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இருக்கையை மட்டும் உடலுக்கு ஏற்பச் செய்து வாங்கலாம். சிறிய க்ரூஸருக்குச் செய்யப்படும் மாற்றங்களிலேயே கொடுத்த பணத்துக்கு மிக அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் மதிப்பீடு. மின்னும் உதிரிகளுக்குச் செலவழிப்பவர்கள் இதை ஏனோ கடைசியாகத்தான் நினைக்கிறார்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, சிறிய க்ரூஸர்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. மீட்டியோர் 350-இன் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் சுமார் 20 குதிரைத்திறனும் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் அது இயல்பாக ஓடும், 110-ஐ நெருங்கும்போது தன் எல்லைக்கு அருகில் உழைக்கும். இரட்டைச் சிலிண்டர் கொண்ட ரெபெல் 500-க்கும், 47 குதிரைத்திறன் கொண்ட சூப்பர் மீட்டியோருக்கும் 110 கி.மீ. வேகம் சிரமமானதன்று. ஆர் 1250 ஆர்டி 136 குதிரைத்திறனும், கோல்ட் விங் தன் 1,833 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சினில் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகின்றன. இவ்வளவு திறன் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் ஓட்டுபவருக்கு இதில் பாதி கூடத் தேவைப்படாது. ஆனால் இருவழிச் சாலையில் முந்தும்போது மட்டும் இந்தக் கேள்வி வேறு முகம் காட்டும்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் 20 மீட்டர் நீள லாரி ஒன்றை முந்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 25 மீட்டர், முன்னால் 25 மீட்டர் இடைவெளி சேர்த்தால், லாரியைவிட 70 மீட்டர் அதிகமாக நாம் போக வேண்டும். சிறிய எஞ்சினால் 100 கி.மீ. வேகத்தை மட்டுமே தக்கவைக்க முடிந்தால், இதற்கு ஏறத்தாழ 12.6 விநாடிகள் ஆகும். அதற்குள் எதிர்த்திசைப் பாதையில் 350 மீட்டர் ஓடியிருப்போம். 120 கி.மீ. வேகத்தில் கடக்க முடிந்தால் 6.3 விநாடிகளும் 210 மீட்டரும் போதும். எதிரே வரும் வண்டியும் அதே நேரத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால், இடைவெளி இன்னும் பெரிதாகிறது. இந்தக் குறையை எந்த உதிரியாலும் சரிசெய்ய முடியாது. பொறுமையால் மட்டுமே சரிசெய்யலாம். பல நெடும்பயணிகள் அந்தப் பொறுமையோடு சிறிய வண்டிகளில் மகிழ்ச்சியாகவே போய் வருகிறார்கள். பின்னால் ஒருவரும் பைகளும் ஏறிய பிறகு, மேட்டுச் சாலையில், அதே பொறுமை போதுமா என்பதைத்தான் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். தடுப்புச் சுவர் உள்ள நான்குவழிச் சாலைகளே பெரும்பாலும் என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு பொருட்டல்ல.

அதிர்வையும் இங்கே சொல்லிவிடலாம். எஞ்சின் தன் மேல் எல்லையை நெருங்கி மணிக்கணக்கில் சுழலும்போது எழும் நுண்ணதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்கிறது. நவீன க்ரூஸர்களில் அதிர்வைத் தணிக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் இது பழைய வண்டிகளில் இருந்த அளவுக்கு இல்லை. கோல்ட் விங்கில் உள்ள, படுக்கைவாட்டில் எதிரெதிராக அமைந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் தன் அமைப்பாலேயே சமநிலை உடையது. அதில் இந்தப் பேச்சே எழாது. 'அந்தத் துடிப்புதானே வண்டியின் உயிர்' என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. அவர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துகிறவர்கள், அதுவும் நல்ல பழக்கமே.

இதுவரை சொன்னவை டூரிங் பைக்கின் பக்கமே சாய்ந்தன. தராசின் மறுதட்டில் இருப்பது எடை, அது ஒன்றே மற்றவற்றுக்கு ஈடாகிவிடுகிறது. முழு வசதிகளுடன் கூடிய கோல்ட் விங் டூர் 380 கிலோவை ஒட்டிய எடையுடையது. ஆர் 1250 ஆர்டி 279 கிலோ. மீட்டியோர் 350-உம் ரெபெல் 500-உம் ஏறத்தாழ 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 241 கிலோ. ஓடத் தொடங்கிய சில மீட்டர்களுக்குள் டூரிங் பைக்கின் எடை மறைந்துவிடும் என்று அதன் உரிமையாளர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. வளைவுகளில் ஆர்டி காட்டும் லாகவத்தைப் பார்த்தால் அதன் எடையை நம்ப முடியாது. ஃபுட்ரெஸ்ட் தரையை உரசாமல் அது சாயும் அளவுக்கு எந்தக் க்ரூஸராலும் சாய முடியாது. சிக்கல் நடைவேகத்தில் இருக்கிறது. குறுகிய சாலையில் முழுத் திருப்பம் எடுப்பது, சரளைக்கல் பரப்பில் நிறுத்துவது, சரிவில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்திவிட்டுப் பிறகு பின்னுக்குத் தள்ள முயல்வது ஆகிய இவைதான் அந்த எடையை நினைவூட்டும் இடங்கள். கோல்ட் விங்கில் பின்னோக்கி நகர்த்தும் வசதி உண்டு என்பதே, அதை வடிவமைத்தவர்களும் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. ஆர்டியில் அதுவும் இல்லை.

எடையின் உண்மையான விலை, வண்டி சாய்ந்து விழுவதில் மட்டும் இல்லை. அது பயணத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்து ஏரிக்கரைக்குப் போகிறது என்று தெரிந்தால், 190 கிலோ வண்டியில் இருப்பவர் யோசிக்காமல் திரும்புவார். கனமான வண்டியில் இருப்பவர், உள்ளே திருப்ப இடம் இருக்குமா, மண் இறுகலாக இருக்குமா, தவறிச் சாய்ந்தால் தூக்கிவிட ஆள் கிடைப்பாரா என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அந்தத் திருப்பத்தைக் கடந்திருப்பார். தங்குமிடத்தின் வாசலில் எப்படி நிறுத்துவது என்ற கவலையும் மாலையில் அவரோடு கூடவே வரும். களைத்த கால்களோடு இறங்கும் அந்தக் கடைசிச் சில மீட்டர்களில்தான் பெரிய வண்டிகள் அதிகமாகச் சாய்கின்றன. தாழ்ந்த இருக்கை ஓரளவு உதவும். கோல்ட் விங்கின் இருக்கை உயரம் 745 மி.மீ. மட்டுமே என்பதால் இரு பாதங்களும் நன்றாக ஊன்றும், ஆர்டியின் 805 மி.மீ. உயரம் எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனால் ரெபெல் 500-இன் 690 மி.மீ. இருக்கையில் அமர்ந்து, முழங்கால்கள் மடங்க, வண்டியைக் காலாலேயே நகர்த்திக்கொண்டு போகும் சுதந்திரம் வேறு.

பின்னிருக்கையில் ஒருவர் வருவாரானால், என்னைப் பொறுத்தவரை முடிவு பெரும்பாலும் அங்கேயே ஆகிவிடுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 191 கிலோ வண்டியில் ஏறினால், வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புதிதாகச் சேர்கிறது, அதுவும் பின்சக்கரத்தின் மேலேயே. பிரேக், ஸ்பிரிங், எஞ்சின் மூன்றுமே அதை உடனே உணரும். 380 கிலோ வண்டியில் அது ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆர் 1250 ஆர்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 505 கிலோ. வண்டியைக் கழித்தால் இருவருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து 226 கிலோ கிடைக்கிறது. சிறிய க்ரூஸர் வாங்குபவர் அதன் கையேட்டில் இதே எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு பெரியவர்களும் ஒரு வாரத்துக்கான துணிமணிகளும் அந்த எல்லையைத் தாண்டிவிடுவது சாதாரணம். பின்னிருக்கையின் அளவும் ஒரு செய்தி சொல்கிறது: பல சிறிய க்ரூஸர்களில் அது ஒரு சிறு மெத்தைத் துண்டுதான். டூரிங் பைக்கில் முதுகுச் சாய்வும், கைப்பிடியும், கால் மடங்காத உயரமும் உண்டு. பின்னால் அமர்பவருக்குச் சாலையைப் பார்த்துத் தயாராகும் வாய்ப்புக்கூட இல்லை என்பதால், ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் திடீரென்றே வருகிறது.

சுமைகளைப் பொறுத்தவரை, பூட்டக்கூடிய, மழை புகாத பெட்டிகள் டூரிங் பைக்கில் வண்டியோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. க்ரூஸரில் துணிப்பைகளைக் கட்டிக்கொள்ளலாம். அவிழ்ப்பதும் கட்டுவதும் தினமும் ஒரு வேலையாகும், அவ்வளவுதான். கனமானவற்றைப் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் உயரத்தில் கட்டினால் இலகுவான வண்டியின் முன்பக்கம் தடுமாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பெட்ரோல் விஷயத்தில் சிறிய வண்டி பலரும் எதிர்பாராத வகையில் முந்திக்கொள்கிறது. மீட்டியோர் 350-இன் 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கி.மீ. என்று குறைத்து மதிப்பிட்டாலும் 450 கி.மீ. வரை கொண்டு செல்லும். 21 லிட்டர் டேங்க் உள்ள கோல்ட் விங், லிட்டருக்கு 18 கி.மீ. என்றால் 380 கி.மீட்டருக்குள் நின்றுவிடும். ஆர்டியின் 25 லிட்டர் டேங்க் இரண்டையும் தாண்டும். ஆனால் எல்லாச் சிறிய க்ரூஸர்களும் இப்படி அல்ல. ரெபெல் 500-இல் இருப்பது 11.2 லிட்டர் மட்டுமே.

வழியில் ஏற்படும் கோளாறுகளில் எளிமையே பலம். சிறிய க்ரூஸரில் எஞ்சின் வெளியே தெரிகிறது. ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, கேபிள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், ஊருக்கு ஊர் மெக்கானிக்குக்கும் அது பழகிய அமைப்பாக இருக்கும். டூரிங் பைக்கில் சாதாரண வேலைக்கும் முதலில் ஃபேரிங் பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும்; நின்ற இடத்தில் சாய்ந்தாலே அந்தப் பலகைகளுக்குச் செலவு வரும். மறுபுறம், டூரிங் பைக்குகளில் பலவற்றில் பின்சக்கரத்தைச் சுழற்றச் செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு இருக்கிறது. மழையிலும் புழுதியிலும் 500 முதல் 1,000 கி.மீட்டருக்கு ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெய் பூசி, இறுக்கம் பார்த்து வந்தவருக்கு, அந்த வேலையே இல்லாத பயணம் பெரிய விடுதலை. யமஹா டிராக்ஸ்டார் 650, ஹோண்டா ஷேடோ 750-இன் சில மாடல்கள் போன்ற பழைய நடுத்தர க்ரூஸர்களிலும் ஷாஃப்ட் உண்டு என்பதால், பழைய வண்டி வாங்கத் தயாராக உள்ளவர்கள் இந்த வசதிக்காகப் பெரிய வண்டிக்குப் போக வேண்டியதில்லை. சக்கரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: கம்பிச் சக்கரம் அழகாக இருக்கும், ஆனால் அதில் ட்யூப் இருந்தால் பஞ்சரின்போது சக்கரத்தையே கழற்ற நேரும். ட்யூப்லெஸ் டயரானால் சாலையோரத்திலேயே அடைப்பைச் செருகிக் காற்று நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். தனியாகப் பயணிப்பவருக்கு இது குதிரைத்திறனைவிட முக்கியமானது.

மின்னணு வசதிகளில், வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் ஒன்றை மட்டும் நான் பொருட்படுத்துவேன். நேரான சாலையில் வலது மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுப்பதற்கு அதற்கு இணையில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இப்போது இரு வகைகளிலும் இருக்கிறது. மற்றவை இருந்தால் நன்று, இல்லாவிட்டால் பயணம் கெடாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, தனியாகப் போகிறவர், நாளுக்கு 300 முதல் 400 கி.மீ. வரை, 80, 90 கி.மீ. வேகத்தில், இடையிடையே நின்று நின்று ஓட்டுபவரானால், சிறிய க்ரூஸரை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் இருக்கை, விண்ட்ஷீல்டு, ஷாக் அப்சார்பர் மூன்றையும் மாற்றிக்கொள்வதே மேல் என்று நான் சொல்வேன். அவருடைய வண்டியின் குறைகளில் பெரும்பாலானவை திருத்தக்கூடியவை. டூரிங் பைக்கின் எடையோ அவருக்குத் தேவையில்லாத சுமை. ஆண்டு முழுவதும் அன்றாட வேலைகளுக்கும் அதே வண்டி என்றால் இது இன்னும் உறுதியாகிறது. துணையோடு போகிறவர், நாளுக்கு 500 கி.மீட்டருக்கு மேல், நெடுஞ்சாலை வேகத்தில், மழை வெயில் பாராமல் நாள்கணக்கில் ஓட்டுகிறவர் ஆகியோருக்கு டூரிங் பைக்கே பொருந்தும். அவர்கள் க்ரூஸரில் சந்திக்கப்போகும் குறைகள், சுமைத்திறனும் முந்தும் வலிமையும், எந்தச் செலவாலும் தீராதவை. இடைப்பட்டவர்களுக்கு 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் க்ரூஸர் ஓரளவு இரு பக்கமும் பொருந்துகிறது, ஆனால் அதன் 241 கிலோவைத் தள்ளிப் பார்த்துவிட்டே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது, கடைக்காரர் காட்டும் பதினைந்து நிமிடச் சுற்று போதாது. க்ரூஸரை நெடுஞ்சாலையில் குறைந்தது இரண்டு மணி நேரம் இறங்காமல் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் குறைகள் அதற்குப் பிறகே தலைகாட்டும். டூரிங் பைக்கை அதற்கு மாறாக, ஓட்டாமலே சோதிக்கத் தொடங்கலாம்: எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து, லேசான சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள், பெட்டிகளில் சுமையை நிரப்பி, துணைவரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு கார் அகலமுள்ள இடத்தில் முழுத் திருப்பம் எடுங்கள். பெட்டிகள் காலியாக இருக்கும்போது இதைச் செய்துவிட்டு நிறைவடைகிறவர்கள் பலர். பயணத்தில் அவை ஒருநாளும் காலியாக இருப்பதில்லை.